ஸ்டேஷன், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ்: மதுரையில மனு எழுத வர்றவங்க கேக்குற கேள்விகள்

கலெக்டர் ஆபீஸ் போற ரோட்டுப் பக்கம் ஒரு டேபிள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், அம்புட்டுதான் என் கடை. இருபது வருஷத்துக்கு மேல மனு எழுதிக் குடுக்குறேன். வர்றவங்க மனு எழுதச் சொல்றதுக்கு முன்னாடி கேள்விதான் கேப்பாங்க, அதுவும் அதே பதினேழு கேள்வி, ஒரு நாளைக்கு நாலு தடவ சொல்லிச் சொல்லி தொண்ட வறண்டு போச்சு, அதான் தம்பி மகன் "எழுதிப் போட்ருங்க பெரியப்பா, படிச்சுட்டு வரட்டும்"னான். போட்டுட்டேன்.

கே: அண்ணே, நீங்க வக்கீலா?

இல்ல. வக்கீல் குமாஸ்தா கூட இல்ல. சட்டத்துல எனக்குத் தெரிஞ்சது ஒரு மனுவுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டுதான். வக்கீல் வேணும், ஆனா காசு இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல ஜில்லா கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, நேரா போங்க. பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, கஸ்டடியில இருக்கவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் குடுக்கணும், 1987 சட்டத்துலயே இருக்கு. இது தெரியாம தாலியக் கழட்டி அடகு வச்சு வக்கீலுக்கு பீஸ் கட்டுன அக்காவெல்லாம் நான் பாத்துருக்கேன்.

கே: நேரடியா கேக்குறேன், போலீச நம்பலாமா?

நான் திருப்பி ஒண்ணு கேப்பேன். பேங்க்ல அம்பதாயிரம் கட்டப் போறீங்க, சலான்ல சீல் வைக்காம, பாஸ்புக்ல ஏத்தாம, "நீங்க போங்கம்மா நான் பாத்துக்கிறேன்"னு கேஷியர் சொன்னா குடுத்துட்டு வந்துருவீங்களா? சண்ட போட மாட்டீங்க? ஆனா ஸ்டேஷன்ல மட்டும் "நீ போம்மா நாங்க பாத்துக்கிறோம்"னதும் கும்புட்டுட்டு வந்துர்றோம். ஆறு மாசம் கழிச்சு போலீஸ் ஒண்ணுமே செய்யலன்னு என்கிட்ட வந்து அழுகுறாங்க. எங்கம்மா ரசீதுன்னு கேட்டா, ரசீதா, அப்படி ஒண்ணு இருக்கான்னு முழிக்கிறாங்க.

இன்னொரு வகை நம்பிக்கை இருக்கு, "அந்த ஏட்டையா தங்கமான மனுசன்"னு. இருப்பாரு. நானே அப்படி நாலஞ்சு பேரப் பாத்துருக்கேன், ஒருத்தர் ஒரு கெழவிக்கு தன் கைக்காசு போட்டு பஸ் ஏத்தி விட்டாரு. ஆனா அவருக்கு டிரான்ஸ்பர் வந்தா உங்க நம்பிக்கையும் அதே பஸ்ல ஏறிப் போயிரும். ரிஜிஸ்டர்ல ஏறுன நம்பர் ஸ்டேஷன்லயே கிடக்கும். என்னைக் கேட்டா, நம்புறதா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்குற நேரத்துல அந்த நம்பர வாங்குற வழியப் பாருங்க. கீழ சொல்ற எல்லாமே அதச் சுத்தித்தான்.

கே: தனியா போக பயமா இருக்கு, தெரிஞ்ச ஆள் யாரையாச்சும் கூட்டிட்டுப் போகவா?

நம்ம ஊர்ல யாரு தனியா போறா. வட்டச் செயலாளரு, கவுன்சிலர் வீட்டுக்காரரு, ரிட்டயர்டு எஸ்ஐக்கு மச்சான், பேப்பர்ல வேலை பாக்குற பய, யாராச்சும் ஒருத்தர் முன்னாடி போவாரு, புகார் குடுக்குறவன் பின்னாடி கையக் கட்டிட்டு நிப்பான். "எங்க பரம்பரையில யாரும் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல"ன்றத பொண்ணு பாக்க வந்த இடத்துல பெருமையா சொல்லுவாங்க பாருங்க, அந்தப் பயம்தான் இது.

சாட்சிக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க, தப்பே இல்ல. அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட வந்து உக்காந்தா போதும், பேச வேணாம். சிபாரிசுக்கு ஆள் கூட்டிட்டுப் போனா கதை வேற. நீங்க கவுன்சிலரக் கூட்டிட்டுப் போனா எதிர்பார்ட்டி எம்எல்ஏ ஆளக் கூட்டிட்டு வருவான். என் கடைக்கு வந்த ஒரு அண்ணன் தம்பி தகராறுல ரெண்டு பக்கமும் ஆள் வந்து, கடைசில அந்த ரெண்டு சிபாரிசும் எதுத்த டீக்கடையில ஒண்ணா உக்காந்து வடை தின்னுட்டே இவங்க சொத்தப் பிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க, அண்ணனும் தம்பியும் தெருவுல நிக்கிறாங்க. அப்புறம் சிபாரிசு இல்லாம ஒரு சித்தாள் காலையில இருந்து அதே பெஞ்சுல உக்காந்துருக்கும், அதோட முறை நம்மளால இன்னும் தள்ளிப் போகும், அத யாரும் யோசிக்கிறதில்ல.

பொம்பளைங்க விஷயம்னா மகளிர் ஸ்டேஷன் இருக்கு, 1992ல மெட்ராஸ் ஆயிரம் விளக்குல ஆரம்பிச்சது இப்ப எல்லா ஊர்லயும் வந்துருச்சு. ஆனா மகளிர் ஸ்டேஷனுக்குத்தான் போகணும்னு கட்டாயம் கிடையாது, எந்த ஸ்டேஷன்லயும் வாங்கணும்.

கே: சிஎஸ்ஆர் குடுத்தாங்க, அதான் எப்ஐஆரா?

இல்லவே இல்ல. இந்த ஒண்ணுலதான் பாதிப் பேரு ஏமாறுறது.

சிஎஸ்ஆர்னா உங்க மனு வந்து சேந்துச்சுன்னு குடுக்குற ரசீது. எப்ஐஆர்னா கேஸ் போட்டாச்சு, இனிமே விசாரிச்சு கோர்ட்டுக்குப் பதில் சொல்லியாகணும்னு அர்த்தம். ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னா, கல்யாணப் பத்திரிக்கைக்கும் தாலிக்கும் உள்ள தூரம். ஒரு அம்மா சிஎஸ்ஆர லேமினேட் பண்ணிக் குடுன்னு வந்துச்சு, ரெண்டு வருஷம் பழசு. நகை திருட்டு. கேஸ் நடக்குதுன்னே நெனச்சுட்டு இருந்துருக்கு.

என் கதையவும் சொல்லிர்றேன். சில வருஷம் முன்னாடி என் வண்டியே காணாமப் போச்சு, எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுறவன், நானே எழுதிட்டுப் போனேன், அங்க எழுத்து வேலை பாக்குற போலீஸ்காரர், ரைட்டர்னு சொல்லுவோம், "அண்ணே தேடிப் பாப்போம், எப்ஐஆர் போட்டா கணக்கு ஏறும், ஒரு பத்து நாள் பொறுங்க"ன்னாரு. முகத் தாட்சண்யம் பாத்து பொறுத்தேன். பத்து நாள் மூணு மாசம் ஆச்சு. இன்சூரன்ஸ்காரன் எப்ஐஆர் கேக்குறான், அதுக்கப்புறம் வண்டி கண்டுபிடிக்க முடியலன்ற "நான்-டிரேசபிள்" சர்டிபிகேட் கேக்குறான், திருட்டு நடந்து இத்தன நாள் ஏன் தாமதம்னும் கேக்குறான். கடைசில எழுத்து மூலமா மேல அனுப்புன பிறகுதான் எப்ஐஆர் வந்துச்சு. அடுத்தவனுக்குச் சொல்ற புத்தி எனக்கு வேலை செய்யல, அதான் சொல்றேன், படிச்சவன் படிக்காதவன் வித்தியாசமெல்லாம் இல்ல, அந்த டேபிள் முன்னாடி நின்னா எல்லாருக்கும் வாய் அடைச்சுரும்.

அந்த ரைட்டர் சொன்ன "கணக்கு ஏறும்"தான் முக்கால்வாசிக் காரணம். ஸ்டேஷன்ல குற்றம் கூடிருச்சுன்னா மேலதிகாரி மீட்டிங்ல திட்டு வாங்கணும். அதனால வீட்டு வாசல்ல குப்பைய கூட்டி பாய்க்கு அடியில தள்ளுற மாதிரி புகார சிஎஸ்ஆர்லயே வச்சுர்றது.

கே: அப்ப எப்ஐஆர் போட்டே ஆகணுமா? போட மாட்டேன்னா?

போலீஸ் தானா நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா போட்டே ஆகணும். 2013ல லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. 2024 ஜூலை 1ல இருந்து, கேஸ் எப்படிப் போடணும் எப்படி விசாரிக்கணும்னு சொல்ற பழைய சிஆர்பிசி சட்டம் போயி புதுச் சட்டம் வந்துருச்சு, பேரு வாயில நுழையாது, பிஎன்எஸ்எஸ்னே சொல்லுவோம், அதுல 173வது பிரிவு இது. எப்ஐஆர் காப்பி உங்களுக்கு இலவசமா தரணும். ஒரு புது விஷயம், மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா டிஎஸ்பி அனுமதியோட 14 நாளைக்குள்ள முன்விசாரணை பண்ணலாம்னு வச்சுருக்காங்க. அதனால "விசாரிச்சுட்டு போடுறோம்"னு சொன்னா உடனே சண்டைக்கு நிக்காதீங்க, டிஎஸ்பி அனுமதி வாங்கியாச்சான்னு மட்டும் கேளுங்க. பதினாலு நாள்தான், மூணு மாசம் இல்ல. திருட்டுல போன பொருள் அஞ்சாயிரத்துக்கும் கீழன்னா அதுக்கு வேற வழிமுறை, அது சின்ன விஷயம், விட்ருவோம்.

போட மாட்டேன்னு சொல்லிட்டாங்களா, அதே புகார எழுதி தபால்ல எஸ்பிக்கு அனுப்புங்க, சிட்டிக்குள்ளன்னா கமிஷனர் ஆபீசுக்கு. கையில கொண்டு போயி குடுத்தா "அனுப்புறோம்"னு வாங்கி வச்சுப்பாங்க, தபால்னா போய்ச் சேந்ததுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். ரிஜிஸ்டர் தபால இப்ப ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, போஸ்டாபீஸ்ல டெலிவரி ஆதாரம் வேணும்னு கேட்டு வாங்குங்க, ரசீதத் தொலைக்காதீங்க. அதுக்கும் ஒண்ணும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டு, அபிடவிட்டோட மனு போடணும், அங்க வக்கீல் வேணும். நான் பாத்த வரைக்கும் நூத்துக்கு எம்பது கேஸ் தபால் போன ஒரு வாரத்துலயே அசையும். எம்பதுன்றது என் குத்துமதிப்பு, யாரும் எண்ணிப் பாக்கல.

எப்ஐஆர் போட்டு தொண்ணூறு நாளைக்குள்ள கேஸ் எந்த மட்டுல இருக்குன்னு புகார் குடுத்தவங்களுக்குச் சொல்லணும்னும் புதுச் சட்டத்துல இருக்கு. கேளுங்க. கேட்டா கோச்சுக்க மாட்டாங்க, கொஞ்சம் முறைப்பாங்க.

கே: "இது எங்க லிமிட் இல்ல"ன்னு துரத்துறாங்களே?

மதுரையில இது தீராத கூத்து. சிட்டி கமிஷனர் எல்லை ஒண்ணு, மாவட்ட எஸ்பி எல்லை ஒண்ணு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். அடிபட்டவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும். எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கி பூஜ்யம்னு நம்பர் போட்டு எப்ஐஆர் பதிஞ்சு சரியான ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும், ஜீரோ எப்ஐஆர்னு பேரு. இப்ப சட்டத்துலயே எழுதிட்டாங்க.

கே: பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டிட்டான், குடுத்த கடனத் தர மாட்டேங்குறான். ஸ்டேஷன்ல சொல்லி வாங்கிக் குடுங்க.

அவன் உங்கள அடிச்சானா, மிரட்டுனானா? இல்லன்னா ஸ்டேஷன் வேலையே இல்ல இது. வரப்புன்னா தாசில்தாருக்கு எப்-லைன் மனு, சர்வேயர் வந்து அளந்து கல் போடுவாரு. கடன்னா சிவில் கோர்ட்டு. "சிவில் கோர்ட்டுக்குப் போனா பேரன் காலத்துல தீர்ப்பு வரும்ணே, ஸ்டேஷன்ல நாலு அடி போட்டா நாளைக்கே தருவான்"ன்றாங்க. அங்கதான் கோளாறே. பணத்த வாங்கிக் குடுன்னு நாமளே அவங்கள கட்டப்பஞ்சாயத்துக்கு கூப்புடுறோம், நாள பின்ன எதிர்பார்ட்டி கொஞ்சம் கூடக் குடுத்து நம்மள அதே பெஞ்சுல உக்கார வச்சா மட்டும் போலீஸ் அநியாயம்னு என்கிட்ட மனு எழுத வர்றோம். எழுதிக் குடுப்பேன், ஆனா மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன்.

கே: ஸ்டேஷனுக்குப் போறதுக்கு மடப்புரம் போயி காசு வெட்டிப் போடலாம்ன்றாரு எங்க மாமா. சரிதானா?

உங்க மாமாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் அதுதான் பழைய கோர்ட்டு. அழகர்கோயில்ல பதினெட்டாம்படி கருப்பு சன்னதியில பூட்டுன கதவுதான் சாமி, அந்தக் கதவு முன்னாடி நின்னு பொய்ச் சத்தியம் பண்ண எந்தக் களவாணிக்கும் கால் நடுங்கும், அந்தக் காலத்துல எத்தனையோ வழக்கு அங்கதான் தீந்துருக்கு. மடப்புரம் பத்ரகாளிகிட்டயும் அப்படித்தான், பொருளப் பறிகுடுத்தவங்க, ஏமாந்தவங்க, ஸ்டேஷன்ல நியாயம் கெடைக்காதவங்க போயி, தப்பு பண்ணுனவன சாமியே கேக்கட்டும்னு காசு வெட்டிப் போடுவாங்க. பீஸ் இல்ல, வாய்தா இல்ல, ரைட்டர் இல்ல.

ஆனா 2025 ஜூன்ல நடந்தத யாரு மறக்க முடியும். அந்த மடப்புரம் கோயில்ல காவலாளியா இருந்த அஜித்குமார். சாமி கும்புட வந்தவங்க கார்ல இருந்த நகையக் காணோம்னு புகார், தனிப்படை வந்து கூட்டிட்டுப் போச்சு, 28ஆம் தேதி ஆள் உயிரோட இல்ல. போஸ்ட்மார்ட்டத்துல 44 காயம். நகை காணாமப் போனதுக்கு அதுவரைக்கும் எப்ஐஆரே போடல. கோயிலுக்குப் பின்னாடி மாட்டுக் கொட்டகையில வச்சு அடிச்சத யாரோ ஒருத்தர் ஒளிஞ்சு நின்னு செல்போன்ல எடுத்த வீடியோ இல்லன்னா என்ன கதை சொல்லிருப்பாங்களோ. அப்புறம் மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சு கேள்வி மேல கேள்வி கேட்டுது, போலீஸ்காரங்க அஞ்சு பேரு கைதானாங்க, கேஸ் சிபிஐக்குப் போச்சு, தனிப்படையெல்லாம் கலைக்கச் சொன்னாங்க.

எல்லாரும் அடிச்சதப் பத்தித்தான் பேசுனாங்க, பேசணும்தான். எனக்கு என் தொழில் புத்தி, அந்த எப்ஐஆர் இல்லாததுலயே மனசு நிக்குது. ஒரு நம்பர் விழுந்துருந்தா யாரு விசாரிக்கிறா, எப்பக் கூட்டிட்டுப் போனா, எங்க வச்சுருக்கான்னு எல்லாத்துக்கும் ஒரு தாள் இருந்துருக்கும். தாள் இல்லாத விசாரணைக்கு சாட்சி மாட்டுக் கொட்டகைதான். நகைத் திருட்டுன்னு எவனோ சொன்னதக் கேட்டு விசாரிக்காம ஒருத்தனக் கொன்னதுக்கு இந்த ஊரே எரிஞ்சதா ஒரு கதை நமக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும், தெரிஞ்சு என்ன.

கே: சும்மா விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வாங்கன்னு போன் வருது. போகணுமா?

எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. மரியாதையா, "சார் சம்மன் அனுப்புங்க, கட்டாயம் வர்றேன்". சாட்சியா கூப்புட்டாலும், புகார் உங்க மேலயே இருந்தாலும் அதுக்குத் தனித்தனி நோட்டீஸ் இருக்கு. பொம்பளைங்க, அறுபது வயசு தாண்டுன ஆம்பளைங்க, பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பையங்க, மாற்றுத்திறனாளிங்க, ரொம்ப முடியாம இருக்கவங்க, இவங்கள சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேக்கணும். இது 179வது பிரிவு, இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எங்க அப்பத்தா வயசு ஆளுகளுக்கெல்லாம் சும்மாவே குடுத்துருக்கேன்.

கைது பண்ணுனா என்ன காரணம்னு சொல்லணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், கைது குறிப்புல வீட்டாள் ஒருத்தரோ ஊர்ல மதிப்பான ஆள் ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், விசாரணை நடக்கும்போது வக்கீலப் பாக்க உரிமை உண்டு. இதெல்லாம் 1996லயே டி.கே.பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுதான், இப்ப சட்டத்துலயும் இருக்கு. பொழுது சாஞ்சு விடியிறதுக்குள்ள பொம்பளைங்கள கைது பண்ணக் கூடாது, ரொம்பத் தவிர்க்க முடியாதுன்னா மாஜிஸ்திரேட் அனுமதியோட பெண் போலீஸ் வரணும்.

வீட்டு ஆளக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா அழுதுட்டு நிக்காம ஒரு வேலை பண்ணுங்க. வந்த வண்டி நம்பர், நேரம், வந்தவங்க சட்டையில பேர் இருந்தா பேரு, ஒரு தாள்ல குறிங்க. உடனே 100க்கோ 112க்கோ போன் போட்டு கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு பதிவு பண்ணுங்க. அந்தக் காலுக்கு ஒரு நேரம் விழுந்துரும்ல.

கே: ரவுடிப் பயலுகளுக்கு மாவுக்கட்டு போட்டா நல்லதுதானண்ணே?

இந்தக் கேள்வியக் கேக்குறப்ப எல்லாரும் சிரிச்சுட்டேதான் கேப்பாங்க. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை முறிஞ்சது"ன்னு போட்டோ வரும், கீழ நம்ம சனம் போலீசுக்கு சல்யூட் போடும், நானும் ஒரு காலத்துல போட்டவன்தான்.

இப்ப போடுறதில்ல. ஏன்னா அதே பாத்ரூம்தான் எல்லாருக்கும். ரவுடிக்குத் தனியா, கோயில் காவலாளிக்குத் தனியா, செல்போன் கடைக்காரருக்குத் தனியான்னு பாத்ரூம் கட்டி வைக்கல. சாத்தான்குளத்துல 2020 ஜூன்ல ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும், லாக்டவுன்ல கடை கொஞ்ச நேரம் கூடத் திறந்துருந்துச்சுன்றதுதான் விஷயம், அதுக்கு ஸ்டேஷன்ல வச்சு அடிச்சு ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு, ஆனா பதிவு அன்னன்னிக்கு அழியிற மாதிரி செட் பண்ணி வச்சுருந்தாங்கன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை குடுத்தாரு. அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை கையில எடுக்கச் சொல்லி மதுரை பெஞ்சு உத்தரவு போட்டுச்சு, அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம், முடியலன்னா ஒரு வருஷமாச்சும் வைக்கணும்னு சொல்லிருச்சு. அதனால ஸ்டேஷன்ல அடி வாங்குனவங்க மனு எழுத வந்தா நான் முதல் வரியிலயே தேதி, நேரம் போட்டு அந்த நேரத்து கேமரா பதிவப் பாதுகாக்கணும்னு எழுதிருவேன்.

சாத்தான்குளத்துல உள்ளதச் சொன்னதும் அதே ஸ்டேஷன்ல வேலை பாத்த ஒரு ஏட்டம்மாதான். அதையும் சேத்துச் சொல்லணும்.

கே: உசிலம்பட்டி பக்கம் பெருசுங்க போலீஸ்னா ஏன் இன்னும் அப்படிப் பேசுறாங்க?

நானும் அந்தப் பக்கம்தான், அதனால கொஞ்சம் நீளமா வரும்.

வெள்ளைக்காரன் 1871ல குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டான், 1911ல அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இங்க ஊர்க்காவல், நாட்டுக்காவல்னு ஒரு முறை இருந்துச்சு, ஊர்க்காரங்க காவல் கூலி குடுப்பாங்க, மாடு களவு போனா காவக்காரன் தேடிக் குடுக்கணும், துப்புக்கூலின்னு ஒண்ணு குடுத்தா மாடு திரும்பி வரும். ரொம்ப யோக்கியமான ஏற்பாடுன்னு சொல்ல மாட்டேன், காவக்காரனே களவாடிட்டு துப்புக்கூலி வாங்குன கதையும் உண்டு. ஆனா போலீஸ் வந்ததும் காவல் போச்சு, காவக்காரன் மொத்தப் பேரும் திருடன்னு சட்டம் வந்துச்சு. பிறந்த சாதிக்காக கைரேகை. எங்க தாத்தா சின்ன வயசுல ராத்திரியில பேரு குடுக்கப் போவாராம், கல்யாணமான புதுசுலயும் ராத்திரி வீட்டுல இருக்க முடியல, ஊர விட்டு வெளிய போகணும்னா சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு சொன்ன சனத்து மேல துப்பாக்கிச் சூடு, 16 பேரு செத்தாங்க, அதுல மாயக்காள்ன்ற அம்மாவும் ஒருத்தர். 1947லதான் இங்க அந்தச் சட்டம் போச்சு. தாத்தா சாகுற வரைக்கும் எந்தத் தாள்லயும் பெருவிரல் வைக்க மாட்டேன்னாரு, ரேஷன் கார்டுக்குக் கூட. நான் தாள் தாள்னு சொல்றேன்ல, அவருக்கு தாள்னாலே கட்டிப் போடுறது. அதுவும் நியாயம்தான், யாரு கையில இருக்குற தாள்ன்றதுல எல்லாம் இருக்கு. இன்னிக்கு எப்ஐஆர் காப்பி நம்ம கையில இருக்கணும்னு நான் அடம் பிடிக்கிறது அதனாலயும்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாட்டி பாதிதான் சொன்னவனாவேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்னு கேள்விப்பட்டுருப்பீங்க. 1996ல அந்த ஊர்கள்ல பஞ்சாயத்துத் தலைவர் பதவிய தலித் மக்களுக்கு ஒதுக்குனாங்க, பத்து வருஷம் எலெக்‌ஷனே உருப்படியா நடக்கல. நிக்க ஆள் வராது, நின்னு ஜெயிச்சவரும் உடனே ராஜினாமா. யாரு விடல? எங்காளுகதான். சட்டத்தால நசுங்குன சனமே நியாயமான சட்டம் அடுத்தவனுக்கு வந்தப்ப கதவச் சாத்துச்சு. 2006ல அப்ப கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் திரும்பத் திரும்ப ஊருக்குப் போயி உக்காந்து பேசிப் பேசி எலெக்‌ஷன நடத்துனாரு. போலீஸ் படையக் கொண்டு வந்து இறக்கி நடத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஆயிருக்கும்ன்றது என் எண்ணம். மேலூர்ப் பக்கம் மேலவளவுல 1997ல தலித் பஞ்சாயத்துத் தலைவரையே வெட்டிக் கொன்னாங்க, முருகேசனையும் சேத்து ஏழு பேரு. அதுக்கப்புறம் ஒரு தலித் குடும்பம் ஸ்டேஷனுக்குள்ள போறப்ப, உள்ள உக்காந்துருக்கவர் எந்த ஊரு எந்த ஆளுன்னு முதல்ல பாக்கத்தான் செய்யும். அத சந்தேக புத்தின்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும்.

கே: லஞ்சம் குடுத்துட்டேன், இப்ப சொன்னா என்னையும் பிடிப்பாங்களா?

2018ல சட்டத்த மாத்துனதுல இருந்து குடுக்குறதும் குத்தம். ஆனா கட்டாயப்படுத்தி வாங்குனா ஏழு நாளைக்குள்ள போயிச் சொல்லிட்டீங்கன்னா உங்க மேல வராது. குடுக்குறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போயிட்டா இன்னும் நல்லது, அவங்களே நோட்டுல பவுடர் தடவிக் குடுப்பாங்க, வாங்குனவன் கையக் கழுவுனா தண்ணி ரோஸ் கலர் ஆயிரும்.

கே: போலீஸ்காரங்க பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கு. அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு பாருங்க, விடிய விடிய நின்ன பிள்ளைங்க கால் வீங்கி நிக்கும், பொம்பளைப் போலீசுக்கு ஒதுங்க இடம் இருக்காது. 2021ல வாரம் ஒரு நாள் லீவுன்னு அரசாணை போட்டாங்க, கெடைக்குதான்னு உங்க தெருவுல இருக்குற போலீஸ்காரர் வீட்டம்மாகிட்ட கேளுங்க. சங்கம் வைக்கவும் முடியாது. மேல இருக்கவர் கீழ இருக்கவர "டேய்"ம்பாரு, கீழ இருக்கவர் நம்மள "டேய்"ம்பாரு. ஒரு கான்ஸ்டபிள் தம்பி தன் டிரான்ஸ்பர் மனுவ என்கிட்டத்தான் எழுத வந்தான், கைய கட்டிட்டு நின்னான், உக்காருப்பான்னேன், பழக்கமில்லண்ணேன்னான்.

2006ல பிரகாஷ் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுல ஒண்ணு, போலீஸ் மேல புகார விசாரிக்க தனி அமைப்பு வேணும்னு. இன்னொண்ணு, அதிகாரிகள நெனச்ச நேரம் மாத்தக் கூடாதுன்னு. ரெண்டாவது போலீசுக்குத்தான் நல்லது, ஆனா அதுக்காக யாரும் ரோட்டுல இறங்க மாட்டோம்.

கே: மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுனா?

எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள. பீஸ் இல்ல. மெதுவா நகரும், ஆனா விட்றாதீங்க.

கே: போன்ல பணம் போயிருச்சு!

இதப் படிச்சுட்டு இருக்காதீங்க, 1930க்கு போன் போடுங்க. எம்புட்டு வெரசா சொல்றீங்களோ அம்புட்டு வெரசா அந்தப் பணத்த நிறுத்திப் பிடிக்கப் பாப்பாங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கே: கிராம சபையில தீர்மானம் போட்டு ஏதாச்சும் நடக்குமா?

நடக்காதுன்னுதான் நானும் நெனச்சேன். சமோசா டீ, கையெழுத்து, முடிஞ்சு போச்சு. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கம் வந்தப்ப 2024 கடைசில மேலூர் சனம் ஊர் ஊரா தீர்மானம் போட்டாங்க, அப்புறம் மதுரைக்கு நடந்தே வந்தாங்க, 2025 ஜனவரியில ஏலத்த ரத்து பண்ணிட்டாங்க. தீர்மானம் மட்டும் நிறுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன், கூட்டம்தான் நிறுத்துச்சு. ஆனா ஊர் சம்மதிச்சுருச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாம அந்தத் தீர்மான நோட்டு மறிச்சு நின்னுச்சு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறு நாள். போனா நோட்டுல என்ன எழுதுறாங்கன்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, வெத்துப் பக்கத்துல போடாதீங்க.

கே: மனு எப்படி எழுதணும், எவ்ளோ ஆகும்?

அம்பது ரூபா. முடியாதவங்க குடுக்க வேணாம்.

மூணு பக்கம் எழுதாதீங்க. கல்யாணமான நாள்ல இருந்து ஆரம்பிச்சு மாமியார் கதையெல்லாம் சொல்லுவாங்க, எழுதலன்னா கோச்சுப்பாங்க, ஆனா படிக்கிறவர் ரெண்டாவது பக்கம் திருப்ப மாட்டாரு. யாரு, என்னிக்கு, எத்தன மணிக்கு, எங்க, என்ன நடந்துச்சு, யாரு பாத்தா, உங்களுக்கு என்ன வேணும், அம்புட்டுதான். ரெண்டு காப்பி, ஒண்ண குடுத்துட்டு இன்னொண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. சீல் வைக்க மாட்டேன்னா தபால்.

திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் நாள், புதன்கிழமை போலீஸ்ல மனு வாங்குவாங்க, அந்த ரெண்டு நாளும் என் கடையில கூட்டம் அள்ளும், எட்டு மணிக்கு முன்னாடி வந்தா பொறுமையா கேட்டு எழுதுவேன், பத்து மணிக்கு மேல வந்தா வேகவேகமாத்தான் வரும். ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு ரூபா, அது தனி.